எல்லா வாரமும் வர முடியாதவர் போர்க்கதைத் தொடரில் சேரலாமா?

கேள்வி: ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். எபேனில் ஷிஃப்ட் வேலை. இதுவரை மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 போட்டி ஆட்டங்கள் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். வாக்குவாவில் ஒரு குழு, 1810ஆம் ஆண்டு மொரீஷியஸ் போரை வைத்து ஆறு மாதக் கேம்பெயின் (ஓர் ஆட்டத்தின் முடிவு அடுத்த ஆட்டத்துக்குத் தொடரும் போர் ஆட்டத் தொடர்) ஒன்றைத் தொடங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வரலாம், எந்த அளவுப் படையோடும் ஆடலாம் என்கிறார்கள். என்னிடம் அந்தக் காலத்து மினியேச்சர்கள், அதாவது சிறு வீரர் பொம்மைகள், பன்னிரண்டுதான். பாதிக்கு வர்ணம் பூசவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்றால் அதோடு முடிந்துவிடாதா? வரலாறும் அதிகம் தெரியாது. சேரலாமா?

பதில்:

சேருங்கள், தம்பி. நீங்கள் அடுக்கிய தடைகள் அத்தனைக்கும் ஒழுங்காக நடத்தப்படும் நெகிழ்வான கேம்பெயினில் முன்பே இடம் விட்டிருப்பார்கள். ஆனால் ‘எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்பதை ஒரு விஷயத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை வீரர்களோடு வருகிறார்கள், எந்த விதிநூலை வைத்து ஆடுகிறார்கள் என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் தளர்வு இருக்கலாம். மேசையில் நடந்து முடிந்ததை மதிப்பதில் மட்டும் தளர்வு கூடாது. ஒரு பாலம் எரிந்தது என்றால் அடுத்த வாரம் வேறு இருவர் ஆடும்போதும் அது எரிந்த பாலம்தான். அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அவர்களும் அதை ஏற்று ஆட வேண்டும். இந்த ஒன்று உறுதியாக இருந்தால் மற்றதையெல்லாம் தளர்த்திக்கொள்ளலாம். நான் பல தொடர்களை நடத்தியும் ஆடியும் பார்த்துவிட்டுச் சொல்வது இது.

மற்ற வகைகளோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழைய வழி வரைபடக் கேம்பெயின். தீவைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் சில கட்டங்களைக் கொடுத்து, வாரந்தோறும் படைகளை நகர்த்துவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒருவர் வராவிட்டால் அவருடைய பக்கத்துக் கட்டக்காரர் காத்திருக்க வேண்டும், அவருக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் எல்லாம் நின்றுவிடும். இன்னொன்று கிளைவழி. இந்த ஆட்டத்தில் பிரெஞ்சுக்காரர் வென்றால் அடுத்தது அந்தக் காட்சி, பிரிட்டிஷார் வென்றால் இந்தக் காட்சி என்று முன்னதாகவே எழுதிவைப்பது. இது இருவர் ஆடுவதற்கு நல்லது. எட்டுப் பேருக்குப் பொருந்தாது. உங்களை அழைத்திருக்கும் குழு செய்வது மூன்றாவது வகை. வருகிறவர்கள் ஆடுகிறார்கள், நடத்துபவர் முடிவுகளைத் திரட்டிக் கதையாகக் கோர்க்கிறார், அந்தக் கதையிலிருந்து அடுத்த ஆட்டங்கள் பிறக்கின்றன. வாரம் தவறுகிறவருக்கு ஏற்றது இதுதான்.

வரலாறு தெரியாது என்கிறீர்கள். தொடங்குவதற்கு வேண்டிய அளவு சொல்லிவிடுகிறேன். இந்தப் போரே உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது. 1810இல் நம் தீவு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பெயர் இல் த பிரான்ஸ், ஆளுநர் தெக்கான். இங்கிருந்து கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தன. பிரிட்டிஷார் 1809இல் ரொட்ரீக்ஸ் தீவில் காலூன்றினார்கள், 1810 ஜூலையில் ரீயூனியன் தீவைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் நடுவில் கிராண்ட் போர்ட் வளைகுடாவின் வாயிலில் உள்ள இல் த லா பாஸ் என்ற சிறு தீவையும் கைப்பற்றினார்கள்; அதன் பொறுப்பு வில்லோபி என்ற கப்பல் தலைவரிடம் வந்தது. ஆகஸ்ட் 20 அன்று துப்பெரே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தபோது, வில்லோபி அந்தத் தீவின் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டு அவர்களை ஏமாற்றி உள்ளே வரச் செய்தார். ஆனால் 23ஆம் தேதி பிரிட்டிஷார் தாக்கியபோது நிலைமை தலைகீழானது. கால்வாய் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிரியஸ், மாஜிசியன் என்ற அவர்களுடைய இரு போர்க்கப்பல்கள் பவளப் பாறையில் தட்டி நின்றன. இரண்டையும் அவர்களே எரிக்க வேண்டியதாயிற்று. நெரெய்ட் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள், அது சரணடைந்தது. நான்காவதான இஃபிஜீனியாவும் மாத இறுதிக்குள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பாரிஸின் வெற்றி வளைவில் கிராண்ட் போர்ட் என்ற பெயரை இன்றும் காணலாம்.

வில்லோபி ஒரு கண்ணை இழந்தார். துப்பெரேக்குத் தலையில் காயம். எதிரெதிராகப் போரிட்ட இருவருக்கும் மாயேபூரில் ஒரே வீட்டில் சிகிச்சை நடந்தது. அந்த வீடு இன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகம். தொடர் தொடங்குமுன் ஒருமுறை போய் வாருங்கள். கடற்கரைக்கு நடந்துபோய் வளைகுடாவைப் பார்த்தால் கப்பல்கள் ஏன் தரைதட்டின என்பது பக்கம் பக்கமாகப் படிப்பதைவிடத் தெளிவாகப் புரியும்.

இப்போது தோல்வி பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கிராண்ட் போர்ட்டில் பிரிட்டிஷார் நான்கு போர்க்கப்பல்களை இழந்தார்கள். அவர்கள் ஒரு போட்டித் தொடரில் ஆடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடந்தது வேறு. இந்தியாவிலிருந்து வந்த படைகள் ரொட்ரீக்ஸில் ஒன்றுகூடி, நவம்பர் 29 அன்று தீவின் வடக்கே கரையிறங்கின. டிசம்பர் 3 அன்று தெக்கான் சரணடைந்தார். ஆகப் பெரிய சண்டையில் தோற்ற பக்கம்தான் தீவைப் பிடித்தது. வென்றவனுக்கு மேலும் பலம், தோற்றவனுக்கு மேலும் நலிவு என்று விதி வைத்திருந்தால், இந்தப் போரில் உண்மையாக நடந்ததை நம் மேசையில் ஒருபோதும் நிகழ்த்த முடியாது.

அதனால் கேம்பெயின் நடத்துபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தோற்றவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான். நல்ல பதில்கள் பல உண்டு. தோற்றவர் அடுத்த ஆட்டத்தின் களத்தைத் தேர்வு செய்யலாம். தப்பி ஓடியவர்கள் ஒரு ரகசியத்தைக் கொண்டுவரலாம். பெரிய படையோடு மோதிய சிறிய படைக்கு அனுபவப் புள்ளிகள் கூடலாம். மார்ட்ஹைம் என்ற பழைய ஆட்டத்தில் இந்த ஏற்பாடு இருந்தது, இன்றும் அதைவிட எளிய வழி இல்லை என்பது என் எண்ணம். விழுந்த வீரர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலோர் காயம்பட்டவர்கள், வழிதவறியவர்கள், அடுத்த ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள். பெயருள்ள தலைவர்களுக்கு மட்டும் பகடை உருட்டிக் காயத்தை முடிவு செய்தால் போதும். ‘தோற்றவர் தோற்றவர்தான்’ என்று நடத்துபவர் பதில் சொன்னால், அந்தத் தொடர் நான்கு ஆட்டங்களுக்குமேல் போகாது. பணிவாக இந்த யோசனைகளை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சமமற்ற சண்டைக்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். போட்டி ஆட்டத்தில் இருபக்கமும் ஒரே புள்ளிக் கணக்கு. இங்கே நூறு பேரை இருபது பேர் எதிர்க்கும் காட்சி வரும். அந்த இருபது பேரின் வேலை வெல்வது அல்ல. வண்டிகள் ஆற்றைக் கடக்கும்வரை, அதாவது ஆறு சுற்றுகள், தாக்குப்பிடிப்பது. ஐந்து சுற்று நின்றால் பாதி வண்டிகள் தப்பின என்று கதை போகும். இந்த மாதிரி ஆட்டங்களில் நெஞ்சு படபடப்பதுபோல் எனக்குச் சமமான ஆட்டம் எதிலும் படபடத்ததில்லை.

பன்னிரண்டு வீரர்கள் தாராளமாகப் போதும். மூன்றடிச் சதுர மேசையில் ஒரு ரோந்துச் சண்டை, ஒரு காவல் நிலையத்தின் மீது இரவுத் தாக்குதல், கடிதம் கொண்டுபோகும் ஒரு படகு என்று எதையும் ஆடலாம். பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் உங்கள் பன்னிரண்டு பேர் யாருடைய படையிலாவது ஒரு பிரிவாகச் சேர்ந்துகொள்வார்கள். மாதத்துக்கு நான்கைந்து வீரர்களுக்கு வர்ணம் பூசினாலும் தொடர் முடியும்போது ஒரு கம்பெனி தேறிவிடும். பூசாத வீரர்களைக் கொண்டுவர வெட்கப்பட வேண்டாம். அடுத்த முறை அதில் ஒருவருக்காவது வர்ணம் ஏறியிருக்கட்டும். கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை: வாக்குவா மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். தூரிகையால் பூசுங்கள். தென்னை நார் மிதியடியை வரிசை வரிசையாக வெட்டிப் பச்சை தீட்டினால் அருமையான கரும்புத் தோட்டம் கிடைக்கும். கையில் பொம்மைகள் குறைவாக இருக்கும் புதியவர் ஒரு நல்ல களத்துண்டைச் செய்துகொண்டு வந்தால் எந்தக் குழுவும் அவரை மறக்காது.

எண்ணிக்கையைவிட முக்கியம், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குப் பெயரும் ஆசையும் இருப்பது. நமக்கு இதில் அரிய வாய்ப்பு இருக்கிறது. ரீயூனியனில் இறங்கிய படையிலும் பிறகு இங்கே இறங்கிய படையிலும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். அதே சமயம், 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்திலிருந்தே புதுச்சேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட கைவினைஞர்களின் சந்ததியினர் போர்ட் லூயிஸில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கான் தே மலபார் என்றே பெயர். ஆக, படையெடுத்து வந்தவர்களிடையேயும் தமிழ் ஒலித்தது, தாக்கப்பட்ட ஊரிலும் தமிழ் ஒலித்தது. உங்கள் தலைவர் சுபேதார் வேலாயுதம் என்று ஒரு கற்பனை மனிதர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனாரின் தம்பி தச்சு வேலைக்கென்று இந்தத் தீவுக்கு வந்தவர், திரும்பவே இல்லை. அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது வேலாயுதத்தின் ஆசை. இவ்வளவு போதும். நடத்துபவர் இதைப் பிடித்துக்கொண்டு பத்து ஆட்டம் உண்டாக்குவார். எதிர்ப்பக்கத்தில் ஆடுகிறவர் அந்தத் தச்சுக் குடும்பத்தைத் தன் கதையில் சேர்த்துக்கொள்ளலாம். ‘என் தலைவர் பெரும் வீரர், பயமறியாதவர்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் யாருக்கும் அதில் பிடி கிடைக்காது. ஓர் ஆசை, ஒரு பலவீனம், யாரிடமோ பட்ட ஒரு கடன். மூன்று வரிக்குமேல் எழுத வேண்டாம். மீதியை மேசை எழுதட்டும்.

எல்லா வாரமும் வர முடியாதது பற்றி. யாராலும்தான் முடியாது. ஆறு மாதத்தில் புயல் எச்சரிக்கை வரும், தைப்பூச விரதம் வரும், ஒருவருக்குப் பரீட்சை, இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும். ஆகவே வராமையைக் கதைக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் சரியான வழி. வராத வாரத்தில் உங்கள் பிரிவு ஏதோ ஒரு கோட்டையைக் காக்கிறது, அல்லது காய்ச்சலில் படுத்திருக்கிறது, அல்லது எதிர்க்காற்றால் கப்பல் நகரவில்லை. அந்த வாரம் உங்களை யாரும் தாக்க முடியாது, நீங்களும் எதையும் பிடிக்க முடியாது. எளிய விதி, சண்டையில்லாத விதி.

இன்னொரு வழி, எழுத்தில் ஆணை அனுப்புவது. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் நான்கு வரி எழுதிக் கைப்பேசியில் நடத்துபவருக்கு அனுப்புங்கள்: ‘ஆற்றங்கரையைக் காத்து நில்லுங்கள். பிரெஞ்சுக் குதிரைப்படை வந்தால் கரும்புக்குள் பின்வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிராமத்தை எரிக்கக் கூடாது.’ அன்று வந்திருக்கும் வேறொருவர் உங்கள் வீரர்களை அந்த ஆணைப்படி நகர்த்துவார். அக்காலத்தில் ரொட்ரீக்ஸிலிருந்து ஒரு செய்தி வர வேண்டுமென்றால் காற்று மனம் வைக்க வேண்டும். அதனால் நடத்துபவர் உங்கள் கடிதத்தை ஒரு வாரம் தாமதித்துக் கொடுத்தாலும் அது நியாயமே. நேரில் வராதவர் அனுப்பிய தாமதமான ஆணையால் ஒரு படைப்பிரிவே தவறான கரையில் நின்ற ஆட்டத்தைப் பற்றி எங்கள் குழுவில் இன்னும் பேசுகிறார்கள்.

இந்த நெகிழ்வுக்கெல்லாம் ஈடாக நீங்கள் தர வேண்டியது ஒன்றுதான், ஆட்ட அறிக்கை. ஆடி முடித்த இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு மனம் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளும். இருநூறு சொல் போதும். என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, என்ன மிச்சம் நிற்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் விலைமதிப்புள்ளது. ‘கைதி ஒருவரைப் பிடித்தோம், அவர் இன்னும் பேசவில்லை’, ‘பீரங்கியைச் சதுப்பில் விட்டுவிட்டோம்’, ‘என் ஆணையை ஹவில்தார் மீறினார்’ போன்ற வரிகளிலிருந்துதான் அடுத்த மாதத்து ஆட்டங்கள் முளைக்கும். வெற்றிப் புள்ளிகளை மட்டும் அனுப்புகிறவரின் ஆட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும், கோர்ப்பதற்கு அதில் நூல் இல்லை. வராத வாரத்திலும் மற்றவர்களின் அறிக்கைகளைப் படியுங்கள். பாலம் எரிந்தது தெரியாமல் அதன்மேல் நடக்கப் பார்க்கிறவர், வந்தும் வராதவர்.

நடுவர் பற்றியும் சொல்ல வேண்டும். நடத்துபவர் சில சமயம் எந்த விதிநூலிலும் இல்லாத ஒன்றைத் தீர்மானிப்பார்: ‘இரவு மழை பெய்தது, வெடிமருந்தில் பாதி நனைந்தது.’ போட்டி ஆட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். இதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. பிரஷ்யப் படை அதிகாரிகள் 1824 முதல் கிரீக்ஸ்பீல் என்ற பயிற்சி ஆட்டத்தைத் தடித்த விதிகளோடு ஆடினார்கள். விதிகள் ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன என்று 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று முறையை மாற்றினார். நடுவரை நம்பும் வழக்கம் அங்கிருந்தே வருகிறது. ஆட்டத்தின் நடுவில் வாதாடாதீர்கள். கருத்து வேறுபாடு வந்தால் பகடை உருட்டி முடிவெடுத்து மேலே போங்கள், முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். நடுவர் ஒரே பக்கத்துக்குத் தொடர்ந்து சாய்ந்தால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் போட்டித் திறமையைத் தூக்கி எறிய வேண்டாம். மேசையில் முழு மூச்சோடு ஆடுங்கள். விட்டுக்கொடுத்து ஆடினால் எதிராளிக்கு அது அவமதிப்பு, கதைக்கும் பொய். விட வேண்டியது, விதியின் ஓட்டைகளைத் தேடிப் படை அமைக்கும் பழக்கத்தை. ‘இந்தச் சூழ்நிலையில் என் சுபேதார் என்ன செய்வார்’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு நகர்த்துங்கள். சில சமயம் அது ஆட்டத்துக்கு மோசமான நகர்வாக இருக்கும். காயம்பட்டவரைத் தூக்கிவர இரண்டு பேரைப் பின்னால் அனுப்பியதால் ஒரு குன்றை இழக்கலாம். அந்தக் குன்றை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அந்த இருவரை மறக்கமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். 1810இல் இந்தத் தீவின் மக்களில் பெரும்பாலோர் அடிமைகள். அடிமைமுறை இங்கே ஒழிந்தது 1835 பிப்ரவரி 1 அன்று. தீவு கைமாறிய பிறகும் அவர்கள் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குமேல் காத்திருக்க நேர்ந்தது. மேசையில் அந்த மனிதர்களைக் கொள்ளைப்பொருளாகவோ புள்ளிகளாகவோ வைக்கக் கூடாது. அதற்காக அவர்களே இல்லாததுபோல் ஆடுவதும் சரியில்லை. அதுவும் ஒரு பொய். தப்பிச் சென்று காட்டில் வாழ்ந்தவர்கள் எந்தப் படைக்கும் கட்டுப்படாதவர்கள், தங்களுக்கென்று நோக்கம் உள்ளவர்கள். அவர்களை நடத்துபவரே நடத்தட்டும், அல்லது அந்தப் பொறுப்பை உணர்ந்த ஓர் ஆட்டக்காரர் நடத்தட்டும். நம் குழுக்களில் கிரியோல் நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறார்கள்; அவர்களுடைய முன்னோரும் நம்முடைய முன்னோரும் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். தொடங்குவதற்கு முன்பே இதை வெளிப்படையாகப் பேசிவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, முடிவுத் தேதி உண்டா என்று கேளுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறாவது மாதத்தின் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று இப்போதே குறித்துவிட வேண்டும். தேதியில்லாத தொடர்கள் மெல்ல மெல்ல ஆளிழந்து தேய்கின்றன. தேதி இருந்தால் இடையில் காணாமல் போனவர்கள்கூட அன்று வந்துவிடுவார்கள். இறுதி ஆட்டம் பெரும் போராக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தெக்கானிடம் இருந்த படை, கரையிறங்கிய படைக்கு முன்னால் மிகச் சிறியது. ஆனாலும் அவர் நல்ல நிபந்தனைகளோடு சரணடைந்தார். பிரெஞ்சு வீரர்கள் போர்க்கைதிகளாக்கப்படாமல் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். தீவு மக்களின் சட்டமும் மதமும் வழக்கங்களும் அப்படியே காக்கப்பட்டன. அந்தப் பேச்சுவார்த்தையையே உங்கள் கடைசி ஆட்டமாக வைக்கலாம். ஐந்து மாத ஆட்டங்களில் யார் எதைப் பிடித்தார்கள், யாரிடம் எத்தனை கைதிகள், யாருக்கு எத்தனை நாள் உணவு மிச்சம் என்பதெல்லாம் பேரம் பேசும் பலமாகும். நடத்துபவரிடம் இந்த யோசனையைச் சொல்லுங்கள்.

முதல் நாளைக்கு வர்ணம் பூசிய ஆறு வீரர்கள், பூசாத ஆறு பேர், அளவுநாடா, பகடைகள், உங்கள் தலைவரைப் பற்றிய மூன்று வரி. அடுத்த மாத ஷிஃப்ட் அட்டவணையையும் கையோடு கொண்டுபோய் நடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த வாரங்களில் வேலாயுதம் காய்ச்சலில் படுக்க வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார்.